ஒரே உணவு, வெவ்வேறு கொலஸ்ட்ரால்: மரபணுவின் பங்கு எவ்வளவு?

ஒரே சமையலறையில் சமைத்ததை உண்டு வளர்ந்த அண்ணன் தம்பி இருவரில் அண்ணனுக்கு, 'கெட்ட' கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் 100-ஐ ஒட்டியே இருக்கிறது. தம்பிக்கு, முட்டையையும் நெய்யையும் நிறுத்தி மூன்று மாதம் ஆன பிறகும், 160-க்குக் கீழே இறங்கவில்லை. இது மரபணுவின் வேலையா, அப்படியானால் உணவைக் கட்டுப்படுத்துவதில் பயன் உண்டா, மரபணுப் பரிசோதனை செய்துகொண்டால் தனக்கு ஏற்ற உணவு எது என்று தெரிந்துவிடுமா என்று மூன்று கேள்விகள் கேட்கப்பட்டிருக்கின்றன. பெரும்பகுதி ஆம், பயன் உண்டு, பெரும்பாலோருக்குத் தெரியாது என்பவை சுருக்கமான விடைகள். இவை ஒன்றோடொன்று முரண்படுவதுபோலத் தோன்றுவதால் சற்று விரிவாகவே விளக்குகிறேன். கீழே வரும் கொலஸ்ட்ரால் எண்கள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்ற அளவில் உள்ளவை.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒருவருடைய கொலஸ்ட்ரால் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது ஒன்று; உணவை மாற்றும்போது அந்த மட்டம் எவ்வளவு நகர்கிறது என்பது மற்றொன்று. ஒரு சமூகத்தில் ஆளுக்கு ஆள் காணப்படும் எல்.டி.எல். வேறுபாட்டில் ஏறத்தாழ பாதியோ அதற்கு மேலோ மரபுவழி வருவது என்று இரட்டையர் ஆய்வுகள் நெடுங்காலமாகக் காட்டி வருகின்றன. இது மட்டத்தைப் பற்றிய செய்தி. உணவுக்கு உடல் காட்டும் எதிர்வினையிலும் மரபணுவின் பங்கு உண்டு. ஆனால் அது பல மரபணுக்களில் சிதறிக் கிடக்கிறது, ஒவ்வொன்றின் அளவும் சிறியது, அளந்து நிறுவுவதும் கடினம். "கொலஸ்ட்ரால் பாதிக்கு மேல் மரபு, எனவே சாப்பாட்டைக் குறைத்து என்ன ஆகப்போகிறது" என்று சொல்பவர்கள் முதல் செய்தியை எடுத்து இரண்டாவது கேள்விக்கு விடையாக வைக்கிறார்கள். அது பொருந்தாது.

உடல் கொலஸ்ட்ராலைக் கையாளும் முறையைத் தெரிந்துகொண்டால்தான் மரபணு எங்கே குறுக்கிடுகிறது என்பது புரியும். ஒரு பெரிய முட்டையில் ஏறத்தாழ 190 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. ஆனால் பித்தநீர் வழியாகக் கல்லீரல் நாள்தோறும் சிறுகுடலுக்குள் ஊற்றும் கொலஸ்ட்ரால் ஒரு கிராமை ஒட்டிய அளவு. அதாவது நம் குடலில் எந்த நாளிலும் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உணவில் வந்ததல்ல, நம் உடலே உண்டாக்கியது. இந்த மொத்தத்தில் சராசரியாகப் பாதி மீண்டும் உறிஞ்சப்படுகிறது. ஆனால் அந்தச் சராசரிக்குப் பின்னால், ஆரோக்கியமானவர்களிடையே கூட, 30 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவிலிருந்து 80 விழுக்காடு வரை விரிந்த வேறுபாடு இருக்கிறது. உறிஞ்சப்பட்டது கல்லீரலைச் சேர்ந்ததும் கல்லீரல் மூன்று வழிகளில் ஈடுகட்டப் பார்க்கிறது: தன் சொந்த உற்பத்தியைக் குறைக்கிறது; கூடுதல் கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றுகிறது; இரத்தத்திலிருந்து எல்.டி.எல். துகள்களைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறது. முதல் இரண்டு வழிகளும் வலுவாக இயங்கும் ஒருவருக்கு இரத்த அளவு ஏறாது. மூன்றாவது வழியையே பெரிதும் நம்பும் உடலில் ஏறும். இந்த ஒவ்வொரு படியிலும் தனித்தனிப் புரதங்கள் வேலை செய்கின்றன. ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு மரபணு உண்டு. ஒவ்வொரு மரபணுவுக்கும் சில மாற்று வடிவங்கள் உண்டு.

இந்த ஈடுகட்டல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு மருத்துவ இலக்கியத்தில் புகழ்பெற்ற ஒரு முதியவர் இருக்கிறார். அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த பிரெட் கெர்ன் 1991-இல் வெளியிட்ட கட்டுரையில் விவரிக்கப்பட்ட அவருக்கு வயது 88. மனநிலை சார்ந்த ஒரு தவிர்க்க இயலாத பழக்கத்தால் பல ஆண்டுகளாக நாளொன்றுக்கு 25 முட்டை அளவில் சாப்பிட்டு வந்தவர். அவருடைய மொத்தக் கொலஸ்ட்ரால் 200, எல்.டி.எல். 142. அளந்து பார்த்தபோது அவர் குடல் உணவுக் கொலஸ்ட்ராலில் 18 விழுக்காட்டை மட்டுமே உறிஞ்சியது. கல்லீரல் பித்த அமிலத்தை ஒப்பீட்டுக்கு எடுத்தவர்களைப் போல இரு மடங்கு உற்பத்தி செய்தது. இந்த ஆய்வு உடலின் வழிமுறையைக் காட்டியதே தவிர அதற்குப் பின்னால் இருந்த மரபணுவைச் சுட்டவில்லை. முட்டைக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் இந்த முதியவரை அடிக்கடி சாட்சிக்கு அழைப்பதுண்டு. ஆனால் இவர் கட்டுரைக்குப் பொருளானதே இவர் சாதாரணமானவர் அல்ல என்பதனால்தான்.

உறிஞ்சுதலை ஆளும் மரபணுக்கள் பின்னர் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. சிறுகுடலின் செல்களில் கொலஸ்ட்ராலை உள்ளே இழுக்கும் வாயிலாக இருக்கும் என்.பி.சி.1எல்.1 என்ற புரதம் 2004-இல் அடையாளம் காணப்பட்டது. கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரப்படும் எசெட்டிமைப் என்ற மாத்திரை தடுப்பது இந்தப் புரதத்தைத்தான். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் இதன் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பிறவியிலேயே செயலிழந்திருப்பவர்களை 2014-இல் ஒரு பன்னாட்டு ஆய்வு தேடி எடுத்தபோது, அவர்களுடைய எல்.டி.எல். சராசரியாக 12 குறைவாகவும், மாரடைப்பு உள்ளிட்ட இதயநாள நோய் ஏறத்தாழ பாதியாகவும் இருந்தது. இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்பவை ஏ.பி.சி.ஜி.5, ஏ.பி.சி.ஜி.8 என்னும் இரட்டைப் புரதங்கள். உள்ளே வந்த கொலஸ்ட்ராலையும், குறிப்பாகக் கொலஸ்ட்ராலை ஒத்த தாவரப் பொருள்களான தாவர ஸ்டிரால்களையும், மீண்டும் குடலுக்குள் தள்ளிவிடுவது இவற்றின் வேலை. இவற்றில் ஒன்று முற்றிலும் பழுதானால் சிட்டோஸ்டிரோலீமியா என்ற அரிய நோய் வருகிறது; முதன்முதலில் 1974-இல் இரு சகோதரிகளிடம் விவரிக்கப்பட்ட இந்த நோயில், மற்றவர்கள் பெரும்பாலும் உறிஞ்சாமல் கழித்துவிடும் தாவர ஸ்டிரால்கள் இரத்தத்தில் குவிந்து, சிறு வயதிலேயே தசைநாண்களில் கொழுப்புக் கட்டிகளையும் இதயநாள அடைப்பையும் உண்டாக்குகின்றன. நாளொன்றுக்கு 2 கிராம் தாவர ஸ்டிரால் சேர்த்தால் எல்.டி.எல். 10 விழுக்காடு அளவுக்குக் குறையும் என்பது பொதுவாகச் சரியான அறிவுரை. இந்த ஒரு மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அதே பொருள் தீங்கு. உணவும் மரபணுவும் சந்திக்கும் இடத்தில் எதிர்வினையின் திசையே மாறிவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இனி, இந்தத் துறையில் மிக அதிகமாக ஆராயப்பட்ட மரபணுவுக்கு வருவோம். இரத்தத்தின் கொழுப்புத் துகள்களோடு சேர்ந்து செல்லும் ஒரு புரதத்துக்கான, 19-ஆம் குரோமோசோமில் உள்ள அபோ-ஈ மரபணுவுக்கு ஈ2, ஈ3, ஈ4 என்று மூன்று பொதுவான வடிவங்கள் உள்ளன. புரதச் சங்கிலியின் 112-ஆம் இடத்திலும் 158-ஆம் இடத்திலும் எந்த அமினோ அமிலம் இருக்கிறது என்பதே இவற்றுக்கிடையிலான வேறுபாடு: ஈ2-இல் இரண்டு இடத்திலும் சிஸ்டீன், ஈ4-இல் இரண்டு இடத்திலும் அர்ஜினைன், ஈ3-இல் முதலிடத்தில் சிஸ்டீன், அடுத்ததில் அர்ஜினைன். ஈ4 கொண்ட துகள்களைக் கல்லீரல் விரைவாக உள்வாங்கிக்கொள்வதால் அதன் கொலஸ்ட்ரால் கையிருப்பு நிறைந்து, எல்.டி.எல். ஏற்பிகளை அது குறைத்துக்கொள்கிறது. விளைவாக ஈ4 உள்ளவர்களுக்கு எல்.டி.எல். சராசரியாகச் சற்று உயர்ந்தும், ஈ2 உள்ளவர்களுக்குத் தாழ்ந்தும் இருக்கும். பின்லாந்தைச் சேர்ந்த கெசானியேமி, எஹ்ன்ஹோல்ம், மியெட்டினென் ஆகியோர் 1987-இல், ஈ4 உள்ளவர்களின் குடல் கொலஸ்ட்ராலைக் கூடுதலாகவும் ஈ2 உள்ளவர்களின் குடல் குறைவாகவும் உறிஞ்சுகிறது என்று காட்டினர். அதே நாட்டின் வட கரேலியாவில் ஆரோக்கியமானவர்களின் உணவைச் சில வாரங்கள் கொழுப்புக் குறைந்ததாக மாற்றிப் பின்னர் வழக்கமான உணவுக்குத் திருப்பிய சோதனையில், இரு பிரதியும் ஈ4-ஆக இருந்தவர்களுடைய கொலஸ்ட்ரால்தான் மற்றவர்களைவிட அதிகமாக ஏறி இறங்கியது.

இவ்வளவும் படித்த ஒருவர் ஈ4 பரிசோதனைதான் விடை என்று நினைக்கக்கூடும். அவ்வாறு அல்ல. அடுத்தடுத்து நடந்த உணவுச் சோதனைகளில் சிலவற்றில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. தெரிந்தவற்றிலும் ஈ4 உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே எல்.டி.எல். குறைவில் இருந்த வித்தியாசம் பெரும்பாலும் சில விழுக்காடுதான். மேலும் ஈ4 அல்சைமர் நோய்க்கான வாய்ப்பையும் உயர்த்தும் வடிவம். சாப்பாட்டுக்காகச் செய்த பரிசோதனை தேவையில்லாத வேறொரு கவலையை வீட்டுக்குக் கொண்டுவரும். ஈ2-விலும் ஒரு திருப்பம் உண்டு: இரு பிரதியும் ஈ2-ஆக இருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கொலஸ்ட்ரால் குறைவுதான் என்றாலும், அவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு, உடல் பருமனோ நீரிழிவோ தைராய்டுக் குறையோ சேரும்போது, கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடு என்ற மற்றோர் இரத்தக் கொழுப்பும் ஒருசேரப் பெரிதும் ஏறுகின்றன. உணவையும் எடையையும் குறைத்தால் மிக விரைவாக இறங்கும் கொலஸ்ட்ரால் கோளாறுகளில் இதுவும் ஒன்று. மரபணு தனியாக நோயைத் தரவில்லை. வாழ்க்கைமுறை அதை எழுப்பிவிடுகிறது.

ஒரே மரபணு, ஆனால் மிகப் பெரிய விளைவு என்று சொல்லத்தக்கது எல்.டி.எல். ஏற்பியின் மரபணு. டெக்சஸ் மாநிலத்தின் டாலஸில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1970-களில் இந்த ஏற்பியைக் கண்டறிந்து 1985-இல் நோபல் பரிசு பெற்றனர். இதன் ஒரு பிரதி பழுதாகப் பிறப்பவர்கள் ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவர். குடும்பவழி உயர்கொலஸ்ட்ரால் எனப்படும் இந்த நிலையில் எல்.டி.எல். பிறந்ததிலிருந்தே இரட்டிப்பாக, 190-க்கு மேலே, பலருக்கு 250 வரையிலும் நிற்கும். தென்னாப்பிரிக்காவின் ஆப்ரிகானர்கள், கியூபெக்கின் பிரெஞ்சுக் கனடியர்கள் போன்று சில மூதாதையரிடமிருந்து பெருகிய மக்களிடம் இது இன்னும் அதிகம். இவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடு எல்.டி.எல்.-ஐ 10 விழுக்காடு அளவுக்குக் குறைக்கலாம். 240 இருந்தது 216 ஆகும். குறைந்தது உண்மைதான், போதாது என்பதும் உண்மைதான். "இன்னும் கண்டிப்பாகப் பத்தியம் இருந்து பாருங்கள்" என்று இவர்களை ஆண்டுக்கணக்கில் காக்கவைப்பதைவிடத் தவறான ஆலோசனை இந்தத் துறையில் இல்லை.

ஆனால் இவ்வளவு வலுவான மரபணுப் பழுதிலும் சூழலின் கை தெரிகிறது. ஏற்பி மரபணுவில் ஒத்த பழுதுகளைச் சுமந்த சீன வம்சாவளியினரில், சீனாவில் வாழ்ந்தவர்களையும் கனடாவில் வாழ்ந்தவர்களையும் ஒப்பிட்டு 1998-இல் வெளியான ஆய்வில், கனடாவில் இருந்தவர்களின் எல்.டி.எல். குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்திருந்தது. தசைநாண் கட்டிகள் போன்ற அடையாளங்களும் அவர்களிடம்தான் காணப்பட்டன. நெதர்லாந்தில் இதே நோயுள்ள ஒரு பெருங்குடும்பத்தின் வம்சாவளியை இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னோக்கித் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2001-இல் வந்தது. பழுதான மரபணுவைச் சுமந்தவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் மற்றவர்களைவிடக் குறைந்த வயதில் இறக்கவில்லை. 1915-க்குப் பின் அவர்களுடைய இறப்பு விகிதம் ஏறத் தொடங்கி, 1935-க்கும் 1964-க்கும் இடையில் உச்சம் தொட்டு, பின்னர் இறங்கியது. மரபணு அதேதான். அதைச் சுற்றியிருந்த உணவும், உடலுழைப்பும், புகைப்பழக்கமும், பிற நோய்களும் மாறின. இவற்றில் உணவின் பங்கு மட்டும் எவ்வளவு என்று இந்த ஆய்வைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. என்றாலும் மரபு என்றால் மாற்ற முடியாதது என்ற எண்ணத்துக்கு இது நல்ல மறுப்பு.

ஏற்பியை அழிக்கும் பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தின் கதையும் இதனோடு சேர்ந்தது. 2003-இல் பிரெஞ்சுக் குடும்பங்களில் இந்த மரபணு மிகையாக வேலை செய்து கொலஸ்ட்ராலை ஏற்றுவது தெரியவந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து டாலஸைச் சேர்ந்த ஜொனாதன் கோஹன், ஹெலன் ஹாப்ஸ் குழுவினர் அமெரிக்கக் கறுப்பின மக்களில் 2.6 விழுக்காட்டினரிடம் அது செயலிழந்திருப்பதையும், அவர்களுடைய எல்.டி.எல். 28 விழுக்காடும் இதயநாள நோய் 88 விழுக்காடும் குறைந்திருப்பதையும் காட்டினர். எதைச் சாப்பிட்டாலும் கொலஸ்ட்ரால் ஏறாத உறவினர் ஒருவரைப் பற்றி எல்லாக் குடும்பங்களிலும் ஒரு கதை உண்டு. அத்தகையவர்களில் சிலரிடம் இதைப்போன்ற ஒரு வடிவம் இருக்கக்கூடும்.

உணவுப் பக்கத்துக்கு வந்தால், கொலஸ்ட்ராலை உண்பதும், நெய், தேங்காய் எண்ணெய், பாமாயில் போன்றவற்றில் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பை உண்பதும் ஒன்றல்ல. உணவில் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு 100 மில்லிகிராம் கொலஸ்ட்ராலும் இரத்தத்தின் மொத்தக் கொலஸ்ட்ராலைச் சராசரியாக 2 அளவில்தான் ஏற்றுகிறது என்று கட்டுப்படுத்தப்பட்ட சோதனைகளைத் தொகுத்த டச்சு ஆய்வாளர்கள் 2001-இல் கணக்கிட்டனர். தினம் ஒரு முட்டை என்றால் 4 அளவு. நிறைவுற்ற கொழுப்பு இதைவிட வலுவானது: அது கல்லீரலின் எல்.டி.எல். ஏற்பிகளையே மந்தமாக்குகிறது. மொத்தக் கலோரியில் ஒரு விழுக்காட்டை நிறைவுற்ற கொழுப்பிலிருந்து பல்நிறைவுறாக் கொழுப்புக்கு மாற்றினால் எல்.டி.எல். சராசரியாக 2 குறையும். 12 விழுக்காட்டை 7 ஆக்கினால் 10 குறையலாம். தேங்காய் எண்ணெயைப் பனை, தேங்காய் அல்லாத பிற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட சோதனைகளின் 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பும் எல்.டி.எல். 10 அளவு உயர்வதாகவே சொன்னது. முட்டையை நிறுத்திவிட்டு, பாமாயிலில் பொரித்ததையும் தேங்காய்ப்பால் குழம்பையும் பழையபடி தொடரும் ஒருவர் எல்.டி.எல். இறங்கவில்லையே என்று மரபணுவைக் குறைகூறும் முன் இந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது. தம்பி நிறுத்தியவற்றில் நெய் சரியான தேர்வு; முட்டை பெரிய வித்தியாசம் செய்யாத தேர்வு.

மேலே சொன்னவை சராசரிகள். ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்மையிலேயே உண்டா என்பதைப் பொறுமையாக ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் நெதர்லாந்தின் வாகனிங்கனைச் சேர்ந்த மார்ட்டின் கட்டான். 1980-களில் அவர் குழு ஒரே மனிதர்களுக்குக் கொலஸ்ட்ரால் மிகுந்த உணவைப் பல முறை, இடைவெளி விட்டுக் கொடுத்து அளந்தது. ஒரு சோதனையில் அதிகம் ஏறியவர்கள் அடுத்ததிலும் சராசரியாக அதிகம் ஏறினர். குறைவாக ஏறியவர்கள் குறைவாகவே ஏறினர். ஆகவே மிகை எதிர்வினையாளர், குறை எதிர்வினையாளர் என்ற பிரிவு கற்பனை அல்ல. ஆனால் முதல் முறை கண்ட பெரிய வித்தியாசத்தில் ஒரு பங்கு அடுத்த முறை கரைந்துபோனது. காரணம் எளியது: உணவே மாறாத ஒருவருக்கும் மொத்தக் கொலஸ்ட்ரால் ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் இடையில் 6, 7 விழுக்காடு மாறிக்கொண்டிருக்கும். 200 உள்ளவருக்கு அது 12, 14 புள்ளி. தினம் ஒரு முட்டை உண்டாக்கும் ஏற்றம் 4 என்றால், ஒற்றை இரத்தப் பரிசோதனையில் அது இந்தச் சலசலப்புக்குள் மூழ்கிவிடும். இரு முறை அளந்துவிட்டு "எனக்கு முட்டை ஒத்துவரவில்லை" என்றோ "எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்றோ முடிவு கட்டுபவர்களில் பலர் பார்த்தது தங்கள் மரபணுவை அல்ல, அந்த அளவின் இயல்பான ஏற்றஇறக்கத்தை.

ஒரே வேளை உணவுக்கு மரபணு எப்படி எதிர்வினை காட்டும் என்பதை அழகாகக் காட்டியது பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் வாழும் ஆமிஷ் மக்களிடம் நடந்த ஆய்வு. சில நூறு ஆமிஷ் மக்களுக்குக் கொழுப்பு நிறைந்த மில்க் ஷேக் ஒன்றைக் கொடுத்து, அடுத்த சில மணி நேரம் இரத்தத்தை அளந்தார்கள். அவர்களில் 5 விழுக்காட்டினரிடம், இரத்தத்திலிருந்து டிரைகிளிசரைடு நீங்குவதைத் தாமதப்படுத்தும் அபோ-சி3 மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்திருந்தது. அவர்களுக்கு உண்பதற்கு முன்னும் பின்னும் டிரைகிளிசரைடு குறைவு, எல்.டி.எல். குறைவு, 'நல்ல' கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். கூடுதல், இதயநாளங்களில் சுண்ணாம்புப் படிவும் குறைவு. 2008-இல் வெளியான இந்த முடிவு பின்னாளில் அந்த மரபணுவை அடக்கும் மருந்துகளுக்கு வழிவகுத்தது. சில மூதாதையரிடமிருந்து பெருகி, பெரும்பாலும் தமக்குள்ளேயே மணந்துகொள்ளும் மக்கள் என்பதால்தான் வெளியே அரிதான ஒரு வடிவம் இங்கே இருபது பேருக்கு ஒருவரிடம் கிடைத்தது.

தனிமனித வேறுபாட்டை இவ்வளவு நேரம் பார்த்ததால் மொத்தச் சமூகத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். வெண்ணெயும் கொழுப்புப் பாலும் அன்றாட உணவாக இருந்த வட கரேலியாவில் 1972-இல் பெக்கா புஸ்காவின் தலைமையில் தொடங்கிய திட்டத்தின்போது ஆண்களின் சராசரி மொத்தக் கொலஸ்ட்ரால் 270-ஐ ஒட்டி இருந்தது. 2007 வாக்கில் அது 210 அளவுக்கு இறங்கியது. உழைக்கும் வயது ஆண்களிடையே இதயநோய் மரணம் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. பின்லாந்து மக்களிடையே அபோ-ஈ4 வடிவத்தின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. இந்தியாவில் ஏறத்தாழ பத்தில் ஒன்று என்று ஒப்பிட்டால் அதன் மிகுதி விளங்கும். அந்தப் பங்கு 35 ஆண்டுகளில் மாறியிருக்க முடியாது. பிற்பகுதியில் மாத்திரைகளும் உதவின என்றாலும், முதல் பெரிய இறக்கம் வெண்ணெயிலிருந்து தாவர எண்ணெய்க்கு மாறியதால் வந்தது. எதிர்த்திசைச் சோதனையும் உண்டு: மெக்சிகோவின் சிவாவா மலைப்பகுதியில் மக்காச்சோளமும் அவரையும் உண்டு வாழும் தாரஹுமாரா மக்களில் 13 பேர் ஐந்து வாரம் வசதிபடைத்த அமெரிக்க உணவை உண்டபோது அவர்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் 121-இலிருந்து 159-க்கு, அதாவது 31 விழுக்காடு, ஏறியது, எடையும் ஏறத்தாழ 4 கிலோ கூடியது. கொலஸ்ட்ரால் குறைவாக இருந்தது அவர்களுடைய மரபணுவின் காப்பு என்று அதுவரை நினைத்தவர்கள் இருந்திருந்தால், ஐந்து வாரத்தில் அந்த எண்ணம் போயிருக்கும். வரிசையில் யார் முன்னே, யார் பின்னே என்பதை மரபணு பெரிதும் தீர்மானிக்கிறது. வரிசை முழுவதும் எங்கே நிற்கிறது என்பதை உணவு நகர்த்துகிறது.

தெற்காசிய வம்சாவளியினருக்கு இரண்டு குறிப்புகள் சேர்க்க வேண்டும். நம்மிடையே பொதுவாகக் காணப்படுவது மிக உயர்ந்த எல்.டி.எல். அல்ல, தாழ்ந்த எச்.டி.எல்., உயர்ந்த டிரைகிளிசரைடு, சிறிய அடர்ந்த எல்.டி.எல். துகள்கள் என்ற சேர்க்கை. இதில் வெள்ளரிசி, சர்க்கரை, இடுப்பளவு ஆகியவற்றின் பங்கு அதிகம் என்பதால், நெய்யை மட்டும் குறைத்து அந்த இடத்தைச் சோற்றால் நிரப்பினால் இந்தச் சேர்க்கை மோசமாகலாம். மற்றது எல்.பி.(ஏ) எனப்படும், எல்.டி.எல்.-ஐ ஒத்த, இதயநோய் ஆபத்தைக் கூட்டும் துகள். நார்வேயின் கோரே பெர்க் 1963-இல் கண்டறிந்த இதன் அளவை ஏறத்தாழ முழுவதுமாக ஒரே மரபணு தீர்மானிக்கிறது, உணவு அதைப் பெரிதாக அசைப்பதில்லை. தெற்காசியர்களிடம் இது ஐரோப்பியர்களைவிடச் சராசரியாகக் கூடுதல். வாழ்நாளில் ஒருமுறை அளந்தால் போதும்; குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் அளந்தே ஆகவேண்டும்.

இனி மரபணுப் பரிசோதனை. 2021-இல் வெளியான பன்னாட்டுக் கூட்டாய்வு 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தகவலைச் சேர்த்து, இரத்தக் கொழுப்போடு தொடர்புடைய நூற்றுக்கணக்கான மரபணு இடங்களைக் குறித்தது. இவற்றைக் கூட்டிக் கணக்கிடும் மதிப்பெண் ஒருவருடைய கொலஸ்ட்ரால் மட்டத்தை ஓரளவு முன்கூட்டிச் சொல்லும். ஆனால் மட்டத்தை ஒரு எளிய இரத்தப் பரிசோதனை நேரடியாகவே சொல்லிவிடுகிறது. உணவுக்கு எவ்வளவு நகரும் என்று சொல்லும் மதிப்பெண் இன்னும் நம்பத்தக்க நிலையை எட்டவில்லை. ஏழு ஐரோப்பிய நாடுகளில் 1,607 பேரிடம் நடந்த புட்ஃபார்மீ சோதனையில், ஆளுக்கேற்ற உணவு ஆலோசனை பொது ஆலோசனையைவிட நன்றாகப் பின்பற்றப்பட்டது. அந்த ஆலோசனையில் மரபணுத் தகவலையும் சேர்த்துச் சொன்னதால் கூடுதல் பயன் எதுவும் கிடைக்கவில்லை. உமிழ்நீரை அனுப்பினால் உங்கள் மரபணுவுக்கேற்ற உணவுப் பட்டியல் தருகிறோம் என்று விற்பவர்களின் உறுதியும் அதன் பின்னால் உள்ள அறிவியலும் ஒரே உயரத்தில் இல்லை.

ஆகவே தம்பி செய்யத்தக்கது தன் எதிர்வினையைத் தானே ஒழுங்காக அளப்பது. முதலில் தைராய்டு சுரப்புக் குறையோ, சிறுநீரில் புரதம் கழிவதோ, எல்.டி.எல்.-ஐ ஏற்றும் மருந்தோ இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். மரபணு என்று நினைத்தது தைராய்டாக முடிவது அரிதல்ல. பிறகு வழக்கமான உணவிலேயே, ஒரு வாரமோ இரண்டு வாரமோ இடைவெளி விட்டு, அதே ஆய்வகத்தில் இரண்டு முறை லிப்பிட் புரொஃபைல் என்ற இரத்தக் கொழுப்புப் பரிசோதனை எடுத்துச் சராசரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பின் ஒன்றிரண்டு மாற்றங்களை மட்டும், எடையைப் பெரிதாக மாற்றாமல், ஆறு வாரம் கடைப்பிடித்து, மீண்டும் இரண்டு முறை அளக்க வேண்டும். உணவு மாற்றத்துக்கு எல்.டி.எல். சில வாரங்களிலேயே புதிய மட்டத்துக்கு வந்துவிடும் என்பதால் ஆறு வாரம் போதுமானது. காய்ச்சலோ அறுவையோ நேர்ந்திருந்தால் சில வாரம் தள்ளிப்போட வேண்டும், ஏனெனில் உடல்நலக் குறைவின்போது எல்.டி.எல். தாழ்ந்து காணும். மாவுச்சத்தை அறவே குறைக்கும் கீட்டோ உணவுக்கு மாறும் ஒல்லியானவர்கள் சிலருக்கு எல்.டி.எல். 200-ஐத் தாண்டி ஏறுவது கண்கூடு. அதற்கு விளக்கங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன, ஆனால் அவர்களை ஒன்றிணைக்கும் மரபணு எதுவும் நிறுவப்படவில்லை. அத்தகைய ஏற்றத்தைக் கண்டவர் அதன் பெயர் என்ன என்று தேடிக்கொண்டிராமல் உணவை மாற்றிவிட்டு மறுபடி அளப்பதே சரி.

மரபணுச் சோதனைக்கு உண்மையான இடம் ஒன்று இருக்கிறது. மருந்தில்லாத நிலையில் எல்.டி.எல். 190-ஐத் தாண்டியிருந்தாலோ, குடும்பத்தில் ஆண்களில் 55 வயதுக்கு முன்போ பெண்களில் 60 வயதுக்கு முன்போ மாரடைப்பு இருந்தாலோ, கணுக்காலின் பின்னாலுள்ள தசைநாண் தடித்திருந்தாலோ, குடும்பவழி உயர்கொலஸ்ட்ராலைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது எல்.டி.எல். ஏற்பி, எல்.டி.எல். துகளை அந்த ஏற்பியோடு பிணைக்கும் புரதமான அபோ-பி, பி.சி.எஸ்.கே.9 ஆகியவற்றின் மரபணுக்களைப் பரிசோதிப்பது உணவுப் பட்டியலுக்காக அல்ல. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அதே பழுது இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்பதால், யாருக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை எப்போது தொடங்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக. தம்பியின் 160 இந்த வரம்புக்குக் கீழே இருக்கிறது. அது பல சிறு மரபணுக்கள் கூடிவந்த மட்டமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அண்ணனும் தம்பியும் பெற்றோரிடமிருந்து பெற்ற பங்கில் சராசரியாகப் பாதிதான் பொதுவானது. எஞ்சிய பாதியில் 60 புள்ளி வேறுபாடு வருவது வியப்பல்ல. அவருக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம், எல்.பி.(ஏ) ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்து மொத்த ஆபத்தைக் கணிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம். ஆறு வார உணவு மாற்றத்தில் 160 என்பது 145 ஆனால், அவருக்கு உணவு வேலை செய்கிறது என்றும், அதற்கு மேலும் குறைக்கத் தேவையா என்பதை அந்த மொத்தக் கணிப்பே சொல்லும் என்றும் பொருள்.